குழாய்க்குள் சூடான காற்று எவ்வளவு வேகத்தில் ஏறும்? கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். அடியில் ஒரு ஹீட்டர். விசிறி எதுவும் இல்லை, ஆனாலும் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு வேகத்தில்? புகைபோக்கி, சூரிய உலர்த்தி, மின்னணுப் பெட்டியைக் குளிர்விக்கும் காற்றுவழி என்று எதைச் செய்ய உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

வழக்கமாக எல்லோரும் செய்வது, ஒரு சூத்திரத்தில் உயரத்தையும் வெப்பநிலையையும் போட்டு விடையை எடுத்துக்கொள்வதுதான். அந்த விடை சாதாரணமாக உண்மை வேகத்தைப்போல ஒன்றரை மடங்காக வரும். அதற்குக் காரணம் இரண்டு. குழாயின் தடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது ஒன்று. இன்னொன்றுதான் முக்கியம்: குழாய்க்குள் இருக்கும் வெப்பநிலை நாம் விரும்பியபடி கொடுக்கக்கூடிய எண் அல்ல. காற்று வேகமாகப் போனால் சூடாக நேரம் கிடைக்காது. சூடாகாவிட்டால் வேகம் வராது. வேகமும் வெப்பநிலையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்கின்றன. இந்தப் பிடியைக் கணக்கில் கொண்டுவரத்தான் இந்த வழிகாட்டி.

ஒரே குழாயை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே கணக்கிடுவோம். உயரம் 3 மீட்டர், உள்விட்டம் 10 சென்டிமீட்டர், உள்சுவர் வழவழப்பு, இரண்டு முனையும் திறப்பு. வெளிக்காற்று 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின்.

எது தள்ளுகிறது?

"சூடான காற்று மேலே போகும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குக்கு அதைவிட உதவுவது, அதை ஒரு தராசாகப் பார்ப்பது. குழாய்க்குள் 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு காற்றுத் தூண் நிற்கிறது. வெளியே அதே உயரத்துக்கு இன்னொரு தூண். உள்ளே இருப்பது லேசு, வெளியே இருப்பது கனம். கனமான தூண் அடிவாய் வழியாக உள்ளே தள்ளுகிறது, லேசான தூண் மேலே போகிறது. தள்ளும் அழுத்தம் என்பது இரண்டு தூண்களின் எடை வேறுபாடுதான்.

காற்றின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி இருக்கிறது. கடல்மட்ட அழுத்தமான 101325 பாஸ்கலைக் காற்றின் வாயு மாறிலியான 287 ஆல் வகுத்தால் 353 வரும். ஆகவே:

அடர்த்தி = 353 ÷ வெப்பநிலை (கெல்வின்)

300 கெல்வினில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.177 கிலோ. 340 கெல்வினில், அதாவது 67 டிகிரி செல்சியஸில், 1.038 கிலோ. வேறுபாடு 0.139 கிலோகூட இல்லை. இவ்வளவு சின்ன வேறுபாடுதான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. அதனால்தான் இந்த ஓட்டம் இவ்வளவு நோஞ்சான். ஒரு கம்பிவலைகூட அதை நன்றாகவே குறைத்துவிடும்.

படி 1: என்னென்ன அளக்க வேண்டும்

உள்விட்டம், குழாயின் மொத்த நீளம், வெளிக்காற்றின் வெப்பநிலை. அப்புறம் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை அல்லது ஹீட்டர் காற்றுக்குக் கொடுக்கும் வாட். வாயின் விளிம்பு எப்படி, எத்தனை எல்போ (குழாயின் வளைவுத் துண்டு), வலை உண்டா, மேலே மூடி உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் மட்டும் கவனம் தேவை. கணக்கில் வரும் உயரம் குழாயின் உயரம் அல்ல, சூடான காற்றுத் தூணின் உயரம். ஹீட்டர் குழாயின் நடுவில் இருந்தால் அதற்குக் கீழே இருக்கும் பாதி குளிர்ந்த காற்றால்தான் நிறைந்திருக்கும். அந்தப் பாதி உராய்வைக் கூட்டும், ஆனால் துளியும் தள்ளாது. ஹீட்டரை அடிவாயிலேயே வைக்கச் சொல்வது இதனால்தான். குழாய் சாய்ந்திருந்தால் தள்ளுவதற்குச் செங்குத்து உயரத்தையும், உராய்வுக்கு முழு நீளத்தையும் எடுக்க வேண்டும். முழுக்கக் கிடைமட்டமான குழாயில் இந்தக் கணக்கே பொருந்தாது. தள்ள உயரம் இல்லை.

சுவர் முழுவதும் ஒரே சீராகச் சூடேறும் குழாய் என்றால், உதாரணமாக வெயிலில் நிற்கும் கறுப்புக் குழாய், காற்று கீழே குளிர்ச்சியாக நுழைந்து மேலே போகப்போகச் சூடாகும். அங்கே மேல்வாயில் அளந்த வெப்பநிலை உயர்வில் பாதியைத்தான் சராசரியாக எடுக்க வேண்டும்.

படி 2: தள்ளும் அழுத்தம்

தள்ளும் அழுத்தம் = (வெளி அடர்த்தி − உள் அடர்த்தி) × 9.81 × உயரம்

இப்போதைக்கு, உள்ளே சராசரி 340 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். 0.1384 × 9.81 × 3 = 4.07 பாஸ்கல்.

இந்த எண்ணை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் 9.81 பாஸ்கல். நம் 3 மீட்டர்க் குழாய் 40 டிகிரி சூட்டில் உண்டாக்கும் மொத்தத் தள்ளல் அதில் பாதிகூட இல்லை.

படி 3: தடையே இல்லாவிட்டால்

தள்ளும் அழுத்தம் முழுவதும் வேகமாக மாறினால் என்ன வரும்? அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, உள் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அடர்த்திகளை வெப்பநிலையாக மாற்றி எழுதினால் சூத்திரம் அழகாகச் சுருங்கிவிடும்:

தடையில்லா வேகம் = √(2 × 9.81 × உயரம் × வெப்பநிலை வேறுபாடு ÷ வெளி வெப்பநிலை)

நம் குழாய்க்கு √(2 × 9.81 × 3 × 40 ÷ 300) = √7.848 = வினாடிக்கு 2.8 மீட்டர்.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். வகுக்கும் வெப்பநிலை கட்டாயம் கெல்வினில் இருக்க வேண்டும். 300க்குப் பதில் 27 என்று போட்டால் விடை 3.3 மடங்காக வீங்கிவிடும், அதுவும் பார்த்தவுடன் தவறு என்று தெரியாத எண்ணாக வரும். இன்னொன்று, கீழே வருவது வெளி வெப்பநிலையா உள் வெப்பநிலையா என்பது. குழாய்க்குள் ஓடும் சூடான காற்றின் வேகம் வேண்டுமானால் வெளி வெப்பநிலை. உள் வெப்பநிலையைப் போட்டால் நம் உதாரணத்தில் 6 சதவீதம் குறையும். பெரிய தவறு இல்லை, ஆனால் தவறுதான்.

அழுத்தம் இந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை என்பதையும் பாருங்கள். கடல்மட்டத்தில் இருந்தாலும் மலைமேல் இருந்தாலும் அதே வெப்பநிலைகளுக்குத் தடையில்லா வேகம் ஒன்றுதான். போகும் காற்றின் நிறைதான் மலைமேல் குறையும்.

படி 4: தடைகளைக் கூட்டுவது

கணக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடைக்கும் ஓர் எண் உண்டு. ஓடும் காற்றின் இயக்க அழுத்தத்தைப்போல (அடர்த்தி × வேகம் × வேகம் ÷ 2) எத்தனை மடங்கை அந்தத் தடை தின்னும் என்று அந்த எண் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தத் தடை எண்.

வெளியேறும் வாய்: 1. இது பலரும் விட்டுவிடும் எண். மேலே வெளியேறும் காற்று தன் வேகத்தை எடுத்துக்கொண்டே போகிறது. அந்த ஆற்றல் திரும்பிக் கிடைக்காது. குழாய் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் இந்த 1 உண்டு.

நுழையும் வாய்: தளத்தோடு சமமாக இருக்கும் கூர்விளிம்பு வாய்க்கு 0.5. சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்பு என்றால் 0.8 முதல் 1 வரை. மணிவாய் போல வளைத்து விரித்துவிட்டால் 0.05. வேகத்தைக் கூட்ட மிகச் சுலபமான வழி என்ன என்று கேட்டால், நுழைவாயின் விளிம்பை உருட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு புகையும் ஊதுபத்தியை இந்த வாய்க்கு அருகில் பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். புகை விளிம்பை நோக்கிப் பக்கவாட்டில் வந்து, விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல், சுவரைவிட்டு விலகி நடுவாகச் சுருங்கி ஏறும். சுருங்கிய புகைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சின்னச் சுழல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கணக்கில் வரும் அந்த 0.5 இந்தச் சுழலில்தான் போகிறது.

எல்போ: மடிப்பு வைத்து ஒட்டிய கூர்மையான 90 டிகிரிக்கு 1.1 அளவில் எடுங்கள். நிதானமாக வளையும் எல்போ என்றால் 0.3 முதல் 0.5.

வலை, மூடி: இவை எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அரையிலிருந்து பல மடங்குவரை போகும். தூசி படிந்த வலையை நம்பவே வேண்டாம்.

சுவர் உராய்வு: உராய்வு எண் × நீளம் ÷ விட்டம். நம் குழாயில் நீளம் ÷ விட்டம் = 30. உராய்வு எண் வேகத்தைப் பொறுத்தது; அதைக் கண்டுபிடிக்க, ஓட்டம் சீரானதா கலங்கியதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் வேண்டும்.

ரெனால்ட்ஸ் எண் = வேகம் × விட்டம் ÷ இயக்கப் பாகுநிலை

காற்றின் இயக்கப் பாகுநிலை (பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) 340 கெல்வினில் 0.0000196, 312 கெல்வினில் 0.0000168 (சதுர மீட்டர், வினாடிக்கு). ரெனால்ட்ஸ் எண் 2300க்குக் கீழே இருந்தால் வரிச்சீர் ஓட்டம் (காற்று கலங்காமல் அடுக்கடுக்காகப் போவது), உராய்வு எண் 64 ÷ ரெனால்ட்ஸ் எண். 4000க்கு மேலே சுழற்சி ஓட்டம் (காற்று கலங்கிச் சுழன்று போவது). வழவழப்பான குழாய்க்கு பிளாசியஸ் சூத்திரம் போதும்: 0.316ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலத்தால் வகுக்க வேண்டும். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் நான்காம் மூலம் வந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓட்டம் நிலையாக இருக்காது. இரண்டு வழியிலும் கணக்கிட்டு, விடையை ஒரு வரம்பாகச் சொல்வதுதான் நேர்மை.

மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் குழாய்க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதன் உராய்வை இரண்டு மடங்கு, அதற்கும் மேலே என்று எடுங்கள். இழுத்து நீட்டாமல் சுருங்கியபடி விட்டால் இன்னும் மோசம்.

படி 5: திருப்பித் திருப்பிக் கணக்கிடுவது

உண்மை வேகம் = தடையில்லா வேகம் ÷ √(மொத்தத் தடை எண்)

உராய்வு எண்ணுக்கு வேகம் வேண்டும், வேகத்துக்கு உராய்வு எண் வேண்டும். ஆகவே ஒரு வேகத்தை ஊகித்துத் தொடங்குவோம்.

முதல் சுற்று: வேகம் 2 மீட்டர் என்று ஊகம். ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 10200. நான்காம் மூலம் 10.05. உராய்வு எண் 0.0314. முப்பதால் பெருக்கினால் 0.94. மொத்தத் தடை 1 + 0.5 + 0.94 = 2.44. வேகம் √(7.848 ÷ 2.44) = 1.79 மீட்டர்.

இரண்டாம் சுற்று: 1.79ஐ வைத்து ரெனால்ட்ஸ் எண் 9150 அளவில். உராய்வு எண் 0.0323. மொத்தத் தடை 2.47. வேகம் 1.78 மீட்டர்.

இரண்டே சுற்றில் நின்றுவிட்டது. வினாடிக்கு 1.78 மீட்டர்; தடையில்லா வேகமான 2.8 எங்கே, இது எங்கே! கூர்மையான எல்போ ஒன்றைச் சேர்த்துவிட்டால் 1.47க்கு இறங்கிவிடும்.

உயரத்தை 6 மீட்டராக இரட்டித்தால்? தடை இல்லாவிட்டால் வேகம் 1.41 மடங்காக வேண்டும். ஆனால் உராய்வும் கூடவே நீள்வதால் 2.16 மீட்டர்தான் வரும், 2.5 வராது. குழாயை நீட்டிக்கொண்டே போனால் தள்ளலும் உராய்வும் ஒரே விகிதத்தில் வளரும். இந்த விட்டத்துக்கும் இந்தச் சூட்டுக்கும் ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தோடு சரி. அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தினாலும் போகாது. உயரத்தைக் கூட்டும்போது விட்டத்தையும் கூட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 6: வெப்பநிலை தெரியாது, வாட் தெரியும்

இதுவரை 340 கெல்வின் என்பதைக் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொண்டோம். அது எங்கிருந்து வந்தது? யாரோ கொடுத்தாக வேண்டும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம்.

குழாயின் குறுக்குப் பரப்பு 0.00785 சதுர மீட்டர். 1.78 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 0.014 கன மீட்டர், அதாவது 14 லிட்டர். நிறையாக 0.0145 கிலோ. காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம், 1006 ஜூல். 40 டிகிரி ஏற்ற 0.0145 × 1006 × 40 = ஏறக்குறைய 584 வாட்.

நம்மிடம் 100 வாட் ஹீட்டர்தான் இருக்கிறது என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண். வெப்பநிலை உயர்வு 40 ஆகவே முடியாது. அதனால் வாட்டிலிருந்து தொடங்கும் சூத்திரம் வேண்டும். வெப்பநிலை வேறுபாட்டுக்குப் பதிலாக "வாட் ÷ (நிறை ஓட்டம் × 1006)" என்று போட்டுச் சுருக்கினால், நிறை ஓட்டத்துக்குள்ளும் வேகம் இருப்பதால், வேகத்தின் கனம் வந்து நிற்கும்:

வேகம் × வேகம் × வேகம் = (2 × 9.81 × உயரம் × வாட்) ÷ (வெளி வெப்பநிலை × மொத்தத் தடை × உள் அடர்த்தி × பரப்பு × 1006)

100 வாட்டுக்கு: மேலே 2 × 9.81 × 3 × 100 = 5886. கீழே, தடையை 2.6 என்றும் அடர்த்தியை 1.13 என்றும் ஊகித்தால், 300 × 2.6 × 1.13 × 0.00785 × 1006 = ஏறக்குறைய 6960. வகுத்தால் 0.846. கனமூலம் 0.95. ஆக, வினாடிக்கு 0.95 மீட்டர்.

ஊகங்கள் சரிதானா என்று திரும்பிப் பார்ப்போம். வெப்பநிலை உயர்வு = 100 ÷ (1.13 × 0.00785 × 0.95 × 1006) = ஏறக்குறைய 12 டிகிரி. உள்ளே 312 கெல்வின், அடர்த்தி 353 ÷ 312 = 1.13, சரி. ரெனால்ட்ஸ் எண் 5650, உராய்வு எண் 0.0365, முப்பதால் பெருக்கினால் 1.09, மொத்தத் தடை 2.59, அதுவும் சரி.

இந்தக் கனமூலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குழாயின் குணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு வாட் தேவை. அந்த எட்டு மடங்கு வாட்டில் வெப்பநிலை உயர்வு நான்கு மடங்காகும். கூடுதலாகக் கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு காற்றைச் சுடவைக்கத்தான் போகிறது, ஓடவைக்க அல்ல. இதற்கு நல்ல பக்கமும் உண்டு. ஹீட்டரின் வாட்டை 20 சதவீதம் தவறாக ஊகித்தாலும் வேகத்தில் 6 சதவீதம்தான் பிசகும். அதனால் வெப்பநிலையை ஊகித்துத் தொடங்குவதைவிட வாட்டிலிருந்து தொடங்குவது எப்போதும் பத்திரம்.

பரப்பு கீழே இருப்பதையும் கவனியுங்கள். அதே வாட்டில் விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, வேகம் 0.63 மடங்காகக் குறையும், ஆனால் போகும் காற்றின் அளவு இரண்டரை மடங்காகும். வேகம் வேண்டுமா, காற்றின் அளவு வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். உலர்த்திக்கும் குளிர்விப்புக்கும் பெரும்பாலும் தேவைப்படுவது அளவுதான்.

சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் காற்றின் நிறை ஓட்டமும் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. வேகம் ஏறும், ஆனால் அடர்த்தி இறங்கும். தடை எண் மாறாமல் இருந்தால், உள் வெப்பநிலை கெல்வினில் வெளியைப்போல இரண்டு மடங்காகும்போது, நம் உதாரணத்தில் 600 கெல்வினில், நிறை ஓட்டம் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் சுடவைத்தால் ஓட்டம் குறையத் தொடங்கும். புகைபோக்கி கட்டுகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எண் இது.

படி 7: சுவர் வழியே போகும் வெப்பம்

உறை சுற்றாத உலோகக் குழாயில் காற்று ஏறஏறக் குளிரும். உள்ளே காற்றிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து வெளிக்காற்றுக்கும் வெப்பம் கடக்கும் விகிதத்தைச் சேர்த்துப் பார்த்தால், இந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 4 வாட் அளவில் எடுக்கலாம். குழாயின் சுவர்ப் பரப்பு 0.94 சதுர மீட்டர். ஆக டிகிரிக்கு 3.8 வாட் சுவர் வழியே போகிறது. ஓடும் காற்று டிகிரிக்கு 14.6 வாட் சுமக்கிறது. விகிதம் 0.26.

இந்த விகிதத்துக்கு, அடியில் 40 டிகிரி கூடுதலாகக் கிளம்பிய காற்று மேல்வாயில் 31 டிகிரி கூடுதலாகத்தான் போய்ச் சேரும். உயரம் முழுவதற்குமான சராசரி 35. வேகம் 1.78லிருந்து 1.67க்கு இறங்கும். விகிதம் 0.1க்குக் கீழே இருந்தால் இந்தப் படியை விட்டுவிடலாம். 0.5ஐத் தாண்டினால் கணக்கை விட்டு எழுந்துபோய்க் குழாய்க்கு உறை சுற்றுங்கள்.

இணைப்புகளில் இடுக்கு இருந்தாலும் இதே பாதிப்புதான். பலர் இடுக்கு வழியே சூடான காற்று வெளியே கசியும் என்று நினைக்கிறார்கள். மேல்வாய் அடைபடாத குழாயில் உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு. குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும், தூண் கனக்கும், வேகம் விழும்.

ஈரப்பதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீராவி காற்றைவிட லேசு. 27 டிகிரியில் முழு ஈரமான காற்று, முற்றிலும் உலர்ந்த காற்றைவிட 4 டிகிரி கூடுதலாகச் சூடான காற்றைப்போல நடந்துகொள்ளும். 40 டிகிரி வேறுபாட்டில் இது பெரிதில்லை. 10 டிகிரி வேறுபாட்டில் ஓடும் உலர்த்தியில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கணக்கு பொய்யாகும் இடங்கள்

குழாய் மிக மெல்லியது என்றால் வரிச்சீர் ஓட்டத்துக்குள் போய்விடுவோம். அதே 3 மீட்டர், அதே 40 டிகிரி, ஆனால் விட்டம் 2 சென்டிமீட்டர். ரெனால்ட்ஸ் எண் 700 சுற்றியே நிற்கும், உராய்வுதான் முழு ஆட்சி. வேகம் சுமார் 0.7 மீட்டர். பிளாசியஸ் சூத்திரத்தை இங்கே போட்டால் விடை தவறு.

மிக அகலமான, குட்டையான குழாய் வேறு விதமாக ஏமாற்றும். கொஞ்சம் வாட்டை ஓர் அகலக் குழாய்க்குள் விட்டால் சூடான காற்று ஒரு பக்கமாக ஒதுங்கி ஏறும், மறுபக்கத்தில் மேல்வாய் வழியாகவே வெளிக்காற்று உள்ளே சரியும். மேல்வாயின் விளிம்பைச் சுற்றி ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் புகை துடிப்பாக மேலே பறக்கும். ஒரு கையளவு தள்ளினால் அதே புகை விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்து இறங்கும். அப்படி இறங்கக் கண்டால், மேலே சொன்ன எந்தச் சூத்திரமும் இந்தக் குழாய்க்கு இல்லை. மேல்வாயைச் சுருக்கினால் காற்று ஒழுங்காக ஒரே திசையில் போகும். அடி அடைபட்ட குழாயிலும் இதே இருவழி ஓட்டம்தான்.

வெளியே வீசும் காற்றும் பெரிய எதிராளி. வினாடிக்கு 2.6 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றின் இயக்க அழுத்தம் 4 பாஸ்கல். நம் குழாயின் மொத்தத் தள்ளலும் 4 பாஸ்கல்தான். மேல்வாயில் காற்று குறுக்கே போனால் உறிஞ்சி உதவும். வாய்க்குள் நேராக அடித்தால் ஓட்டத்தை நிறுத்தி, சில சமயம் திருப்பியும் விடும். குழாய் நிற்கும் அறையில் வெளியேற்று விசிறி ஓடினாலும் அதே கதை. அறை இறுக்கமாக மூடியிருந்தால் உள்ளே வரக் காற்று ஏது? எரியும் அடுப்பின் புகைபோக்கி என்றால் இது வெறும் கணக்குப் பிசகல்ல. புகை திரும்பி வந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். புதுக்காற்று நுழைய வழி வைக்காமல் அதை ஓட்டவே கூடாது.

அளந்து சரிபார்ப்பது

தண்ணீர்க் குழல் அழுத்தமானியை எடுக்காதீர்கள். 1.78 மீட்டர் வேகத்தின் இயக்க அழுத்தம் 1.65 பாஸ்கல், தண்ணீர் மட்டத்தில் 0.17 மில்லிமீட்டர். கண்ணால் படிக்க முடியாது. சுழலும் இறக்கை வைத்த அனிமோமீட்டர் (காற்று வேகமானி) குறைந்த வேகத்தில் தயங்கும், அதோடு 10 சென்டிமீட்டர்க் குழாயின் வாயில் வைத்தால் அதுவே ஒரு பெரிய தடையாகிவிடும். சூடான கம்பி அனிமோமீட்டர்தான் இதற்கு ஏற்றது, மெல்லிய தண்டைச் சின்ன ஓட்டை வழியே நுழைக்கலாம். நடுவில் மட்டும் அளந்தால் சராசரியைவிடக் கூடுதலாகக் காட்டும்: சுழற்சி ஓட்டத்தில் நடுவேகத்தை 0.8 ஆல் பெருக்குங்கள், முழுமையாக உருவான வரிச்சீர் ஓட்டத்தில் பாதியாக்குங்கள்.

கருவி எதுவும் இல்லாவிட்டால் அடியில் ஒரு சிட்டிகைப் புகையை விட்டு, மேலே முதல் புகை தலைகாட்டும்வரை நேரம் பாருங்கள். 3 மீட்டரை 1.78 மீட்டர் வேகத்தில் கடக்க 1.7 வினாடிதான் என்பதால், கைபேசியில் வீடியோ எடுத்துப் பின்னால் நிதானமாக எண்ணுவது நல்லது. முதலில் வரும் புகை நடுவேகத்தில் வந்தது, அதனால் இங்கேயும் 0.8 உண்டு.

வெப்பநிலையை அளக்கும்போது அகச்சிவப்புத் துப்பாக்கி சுவரைத்தான் அளக்கும், காற்றை அல்ல. தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரிக் கம்பியைக் காற்றுக்குள் தொங்கவிடுங்கள். ஹீட்டரின் கதிர்வீச்சு நேராகப் படாதபடி முனைக்கு அலுமினியத் தாளில் சின்ன மறைப்பும் கொடுங்கள். இல்லாவிட்டால் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். அடி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஹீட்டரை இயக்கியவுடன் அளக்காதீர்கள்; குழாயின் சுவர் சூடேறி, எண்கள் நகராமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

அளந்த எண்கள் கையில் வந்ததும் கணக்கைத் திருப்பிப் போடலாம்:

மொத்தத் தடை = 2 × 9.81 × உயரம் × சராசரி வெப்பநிலை வேறுபாடு ÷ (வெளி வெப்பநிலை × வேகம் × வேகம்)

நம் குழாயில் சராசரி வேறுபாடு 35 டிகிரி, அளந்த சராசரி வேகம் 1.6 மீட்டர் என்று வந்தால், 6.87 ÷ 2.56 = 2.68. கணக்கில் வந்த 2.5க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நம்பலாம். அதுவே 5 என்று வந்தால் முதலில் அடிவாயைக் குனிந்து பாருங்கள். தரைக்கும் வாய்க்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா? காற்று பக்கவாட்டில் நுழையும் அந்த வளையப் பரப்பு குழாயின் பரப்பைவிடக் குறையாமல் இருக்க, குழாயை விட்டத்தில் கால் பங்காவது தூக்கி வைக்க வேண்டும். 10 சென்டிமீட்டர்க் குழாய்க்கு இரண்டரை சென்டிமீட்டர். நான் அரைப்பங்கு, அதாவது 5 சென்டிமீட்டர், விட்டுத்தான் வைப்பேன்.